செவலை விழுங்கிய சொல்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோபத்தில் பேசினால் அது அப்படியே பலித்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஒரு கழுதை, கால் வழுக்கிய எரிச்சலில், குட்டையைப் பார்த்து "வத்தித் தொலை" என்று சொல்லிவிட்டது. குட்டை வற்றிவிட்டது. அப்புறம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊர் ஊராக அலைந்ததும் அதே கழுதைதான். நல்ல வார்த்தையும் அதே வேகத்தில் பலித்ததா என்று கேட்காதீர்கள். அதற்கு அப்போதும் நாளாகும், இப்போதும் நாளாகும்.

அதனால் எல்லா விலங்கும் வாயை அடக்கித்தான் பேசின. நாய் மட்டும் அப்படியில்லை. அதற்குக் கோபமே வராது. ஆகவே வாயும் ஓயாது.

வைகைக்குத் தெற்கே சேவுகன் என்று ஓர் ஆட்டுக்காரன் இருந்தான். வயல்களில் கிடை போடுவது அவன் பிழைப்பு. இரவில் ஆடுகளை வயலில் அடைத்து வைத்தால் மண்ணுக்கு உரம் கிடைக்கும், அவனுக்கு நெல் கிடைக்கும். ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல். கூடவே மனைவி ராக்கு, மந்தை, செவலை என்ற நாய். சேவுகனை அது அண்ணன் என்றும் ராக்குவை மதினி என்றும் கூப்பிடும். "அண்ணே, அந்த மேகத்தப் பாரு, நம்ம கெடா மாதிரியே இருக்கு" என்று ஆரம்பித்தால் அடுத்த ஊர் வரும்வரை நிறுத்தாது. சேவுகனும் 'ம்' கொட்டிக்கொண்டே நடப்பான்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. வயலெல்லாம் தண்ணீர். மேட்டில் ஓலைக்குடிசை போட்டுத் தங்கினார்கள். அங்கேதான் ராக்குவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொட்டுகிற மழையில் மருத்துவச்சிக்கு எங்கே போவது? ஆட்டுக்குப் பேறு பார்த்துப் பழகிய சேவுகனே கையில் ஏந்தி எடுத்தான்.

குழந்தையைப் பார்த்த கணமே செவலைக்கு மந்தை மறந்துபோயிற்று. தொட்டிலுக்குக் கீழே படுத்ததுதான், எழுந்திருக்கிற வழியாக இல்லை. "டேய், ஓநாய் வந்தா ஆட்ட யாருடா பாக்குறது?" என்று சேவுகன் கேட்டால், "நீதான் சும்மா இருக்கியேண்ணே, ஒரு கம்ப எடுத்துக்கிட்டுப் போயேன்" என்று படுத்தபடியே பதில் சொல்லும்.

அலைகிற நாய்க்கு நகம் தரையில் தானாகத் தேய்ந்துவிடும். படுத்தே கிடக்கிற நாய்க்கு எப்படித் தேயும்? மழை ஓய்வதற்குள் செவலையின் நகங்கள் நீண்டு கொக்கியாக வளைந்துவிட்டன. ஒரு நாள் குழந்தை அழுதது. ராக்கு அடுப்படியில் இருந்தாள். தொட்டிலை ஆட்டிவிடலாம் என்று செவலை எழுந்து காலைப் போட்டது. நகம் துணியில் மாட்டிக்கொண்டது. உதறி இழுத்ததில் குழந்தையின் கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

ராக்கு ஓடி வந்தாள். நாயைத் திட்டவில்லை. தாய்ப்பாலை விரலில் தொட்டுக் குழந்தையின் கன்னத்தில் தடவினாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் செவலைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெளியே சேவுகன் ஆடுகளுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தான். ஈரத்தில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு நீண்டு மடங்கும், உள்ளே சேறு அடைந்து புண்ணாகும். ஆகவே கிடையை நகர்த்துவதற்கு முன் சீவிவிடுவது வழக்கம். ஆட்டை மடியில் சாய்த்துக் கத்தியை வைத்து ஓர் இழுப்பு இழுப்பான். ஆடு தன் பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருக்கும்.

"அண்ணே, எனக்கும் சீவி விடு" என்றது செவலை.

"நாய்க்கு எவன்டா நகம் வெட்டுவான்?"

"புள்ளயக் கீறிட்டேண்ணே."

செவலை தானாகவே காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தது.

அதுவரை எந்த நாய்க்கும் யாரும் நகம் வெட்டியதில்லை. சேவுகனுக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்டுக் குளம்பு. செவலையின் நகம் கன்னங்கரேல் என்று இருந்தது. அதற்குள் சதையும் ரத்தமும் எதுவரைக்கும் ஓடுகிறது என்று வெளியே தெரியவில்லை. கொஞ்சம் நிதானித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பழகிய கை நிதானிக்குமா? ஆட்டுக்கு இழுக்கிற மாதிரியே அழுத்தி ஓர் இழுப்பு இழுத்துவிட்டான்.

ரத்தம் குபுக்கென்று வந்தது. செவலை அலறிய அலறலில் மந்தையே எழுந்து நின்றது. அந்த வலியில், வாழ்க்கையில் முதல் முறையாக, அதற்குக் கோபம் வந்தது. 'உன் கை விளங்காமப் போக' என்ற சொல் நெஞ்சிலிருந்து கிளம்பி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"உன் கை..." என்று ஆரம்பித்தும் விட்டது.

சேவுகனின் முகம் வெளிறிப்போயிற்று. ராக்கு குழந்தையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். "வேணாம் தம்பி! சொல்லிறாத! அந்தக் கையை நம்பித்தானய்யா நாங்க இருக்கோம்!"

சேவுகன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "சொல்லிரு செவல. தப்பு என்னோடதுதான்" என்றான்.

செவலை அந்தக் கையைப் பார்த்தது. அதன் ரத்தம்தான் அந்தக் கை முழுக்க இருந்தது. குட்டியாக வாய்க்காலில் அடித்துக்கொண்டு போனபோது தன்னைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிய கை. அண்ணன் சாப்பிடுவதற்கு முன் தனக்கு ஒரு கவளத்தை உருட்டி வைக்கிற கை. மழைக்குள் அந்தக் குழந்தையை ஏந்தி எடுத்த கை. செவலை பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டது. வந்த சொல்லை அப்படியே விழுங்கிற்று.

ராக்கு மஞ்சளையும் அடுப்புச் சாம்பலையும் அப்பிக் கட்டுப் போட்டாள். பொழுது சாயும்வரை செவலையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சேவுகன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏசவாவது செய்யேன்டா. இப்படிப் பேசாம மட்டும் இருக்காத."

'பரவாயில்லண்ணே' என்று சொல்லத்தான் செவலையும் வாயைத் திறந்தது. ஆனால் விழுங்கிய சொல் முழுதாக உள்ளே இறங்கவில்லை, தொண்டையிலேயே நின்றிருந்தது. வேறு எந்தச் சொல் வெளியே வர வேண்டுமென்றாலும் அது முதலில் வெளியே வந்தாக வேண்டும். செவலை சட்டென்று வாயை மூடிக்கொண்டது. இனிமேல் பேசினால் அண்ணன் கை போய்விடும் என்று அதற்குப் புரிந்தது. பேச்சு என்றால் உயிரை விடுகிற அந்த நாய், பேசுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டது. 'ங்...ங்' என்று முனகிக்கொண்டே அவன் கையை நக்கிக் கொடுத்தது.

"உள்ளயே வச்சிருக்கியாடா?" என்றான் சேவுகன். அதன் வால் மெதுவாகத் தரையைத் தட்டியது. அவன் வாய்விட்டு அழுதான்.

புண் ஆறிற்று. ஆனால் மற்ற நகங்கள் அப்படியே இருந்தன, தொட்டிலில் குழந்தையும் இருந்தது. சேவுகன் மறுபடியும் கத்தியோடு உட்கார்ந்தான். செவலை காலைக் கொடுத்தது, இழுத்துக்கொண்டது, திரும்பவும் கொடுத்தது. தவறி அந்தச் சொல் வந்துவிட்டால் அண்ணன் மேல் விழக்கூடாதே என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. அவன் உமி அளவு உமி அளவாகச் சீவினான். வாய் மட்டும் ஓயவில்லை. "ஒண்ணுமில்லடா தங்கம்... புள்ள இன்னைக்கு என்னயப் பாத்துச் சிரிச்சா தெரியுமா... இந்தா, இதான் கடைசி, இதோட விட்டுர்றேன்." கடைசி இல்லை. இன்னும் இரண்டு கால் பாக்கி இருந்தது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

செவலையின் குட்டிகளுக்கும், அவற்றின் குட்டிகளுக்கும் அந்தச் சொல் தொண்டையோடு வந்தது. இன்றைக்கு இருக்கிற நாயெல்லாம் அந்த வழி வந்தவைதான். அன்று முதல்தான் நகம் வெட்டக் காலைப் பிடித்தால் நாய் இழுத்துக்கொள்கிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வெட்டுகிறவரும் பதில் வராது என்று தெரிந்தே பேசிக்கொண்டிருக்கிறார். நாய்க்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச வரும். நம் கை நன்றாக இருக்கட்டும் என்றுதான் பேசாமல் இருக்கிறது.