மூன்றாம் அத்தியாயத்துக் கிணறு

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களின் செல்போன் குழு ஒன்று இருந்தது. அவர்களிடம் ஒரு வழக்கம். ஏதோ ஒரு கட்டத்தைத் தாண்டத் தெரியாமல் நீங்கள் தவிக்கும்போது யார் தாண்ட வைக்கிறாரோ, அவர்தான் அந்த விளையாட்டில் உங்களுக்கு வாத்தியார். வயது, சாதி, சம்பாத்தியம் எதையும் பார்ப்பதில்லை. வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அவர் சொல்வதைச் செய்து பார்க்காமல் எழுந்து போகக் கூடாது.

அப்படித்தான் உப்பள முதலாளி சுயம்புலிங்கத்துக்குப் பல் டாக்டர் ஜெனோவா வாத்தியார் ஆனாள். அவளுக்கு அவர் மகளைவிடக் கொஞ்சம் கூடுதல் வயது, அவ்வளவுதான். 'எல்லைக்கல்' விளையாட்டில் ஆற்றைக் கடக்க முடியாமல் அவர் மாதக்கணக்கில் முழித்துக்கொண்டிருந்தபோது, "விளக்கை அணைச்சிட்டு நடங்க அண்ணாச்சி" என்று ஒரே வரியில் கரை சேர்த்தவள் அவள்.

'எல்லைக்கல்' ஒரு காவல்காரனின் கதை. இருட்டியதும் ஊர் எல்லையில் ஏதோ ஒன்று வந்து நிற்கும். காவல்காரன் வீடு வீடாகக் கதவைத் தட்டி எச்சரிக்க வேண்டும். பாதிப் பேர் திறக்கவே மாட்டார்கள். திறக்கிறவர்களும், போய் வேலையைப் பார் என்று விரட்டுவார்கள். அந்த ஊரை நம்ப வைப்பதுதான் விளையாட்டே. இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று குழுவே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது.

வந்தது. வந்த மறுநாளே விமர்சனமும் வந்துவிட்டது. பத்துக்கு மூன்று மதிப்பெண்.

எழுதியவன் வெளி ஆள் இல்லை. குழுவிலேயே இருக்கும் மன்சூர். விமர்சகன் என்பதால் அவனுக்கு விளையாட்டு முன்னதாகவே கைக்கு வந்து, கடைசிவரை ஆடி முடித்திருந்தான்.

"முதல் பாகத்தில் கதவு திறக்காது" என்று எழுதியிருந்தான். "இரண்டாம் பாகத்தில் தட்டுவதற்கு முன்பே திறக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அந்த வீடுகளுக்குள் யாரும் இருப்பதாகவே தெரியவில்லை."

குழு கொதித்தது. பொறாமை என்றார்கள். காசு வாங்கியிருப்பான் என்றார்கள். ஒன்றிரண்டு பேர் "அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல" என்று ஆரம்பித்து, விழுந்த ஏச்சில் வாயை மூடிக்கொண்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பாதிப் பேருக்கு விளையாட்டு இன்னும் டவுன்லோடே ஆகி முடியவில்லை. ஆடாதவர்களுக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து அட்மின் சுயம்புலிங்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் மன்சூரைக் குழுவை விட்டுத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் வெளியே போகிறோம்.

சுயம்புலிங்கம் மத்தியான வெயிலில் ஜெனோவாவின் கிளினிக்குக்குப் போனார். நோயாளிகள் யாரும் இல்லை. உட்கார வேறு இடம் இல்லாததால், பல் பிடுங்கும் நாற்காலியிலேயே ஏறிச் சாய்ந்துகொண்டார்.

"பல்லு வலியா அண்ணாச்சி?"

"இல்ல வாத்தியாரே. மன்சூரு."

ஜெனோவா பல் பிடுங்கும் குறடுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நெஞ்சைத் தொறந்து ஆப்பரேசன் பண்ணிப் படுத்துக் கெடந்தேன்லா, அப்போ ஒரு நாள் விடாம என்கூட ஆடினவன் அவன். 'மெதுவா அண்ணாச்சி, மெதுவா'ன்னு காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பான். அவன் போயி இப்படி எழுதிட்டானே. எனக்கு அழுகையே வந்திட்டு. அவனை எடுக்கவும் மனசு வரல, விடவும் மனசு வரல."

"நீங்க ஆடிப் பாத்தாச்சா?"

"ரெண்டு அத்தியாயம். நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் என்ன மரியாதையாப் பேசுதாங்க தெரியுமா."

"சரி. கேள்வி என்ன?"

சுயம்புலிங்கம் யோசித்தார். "மன்சூரு சொல்லுதது சரியா, தப்பா?"

ஜெனோவா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குரூப்ல ஒண்ணு எழுதுங்க. மூணாம் அத்தியாயத்துல வார கிணத்துக் காட்சியைப் பாத்துக் கண்ணு கலங்கிட்டேன், இதைப் போயி நல்லா இல்லங்கானேன்னு."

"அப்படி ஒரு காட்சி இருக்கா?"

"இல்ல. மூணாம் அத்தியாயத்தை நான் முடிச்சிட்டேன். அதுல கிணறே கிடையாது."

"பொய்யால்லா எழுதச் சொல்லுதிய!"

"கேள்வி கேட்டுட்டீங்க அண்ணாச்சி."

வழக்கம் வழக்கம்தான். அவர் முனகிக்கொண்டே டைப் செய்து அனுப்பினார். உடனே மாட்டிக்கொள்வோம், மானம் போகப் போகிறது என்று நினைத்தார்.

முதல் பதில் வந்தது. "ஆமா அண்ணாச்சி! நானும் அழுதுட்டேன்."

சுயம்புலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "புளுகுதான் பாருங்க!"

"அந்தக் கிணத்துக்காகவே பத்துக்குப் பத்து கொடுக்கலாம்" என்றது அடுத்தது. அதற்கும் சிரித்தார்.

மூன்றாவது பதிலை வாசித்துவிட்டு அவர் சிரிக்கவில்லை.

"உள்ளேயிருந்து அந்தக் கை மேல வருமே, அப்ப எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு."

"நான் கையைப் பத்தி எழுதலையே" என்றார்.

"எழுதலை" என்றாள் ஜெனோவா.

பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கையில் கண்ணாடி வளையல் என்றான் காயல்பட்டினத்துக்காரன் ஒருவன். பச்சை வளையல் என்றான் மஸ்கட்டில் வேலை பார்க்கும் இன்னொருவன். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதுகூடக் கிடையாது. வளையல் கிணற்றுச் சுவரில் உரசும் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது என்று மூன்றாவதாக ஒருத்தி எழுதினாள். கை எந்தப் பக்கத்துக் கை என்று யாரும் சண்டை போடவில்லை. இடது கை என்று ஒருவன் சொன்னான், எல்லோருக்கும் இடது கை ஆயிற்று.

பிறகு ஒருவன் எழுதினான். "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டேன்."

"என்னையும்தான்" என்றான் அடுத்தவன்.

"என்னையும்."

"என்னையும்."

வெளியே வெயில் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துப் போனது. ஆனாலும் சுயம்புலிங்கத்துக்கு முதுகு சில்லிட்டது. உப்பளத்தில் அவர் என்ன சொன்னாலும் தலையாட்டுவதற்கு ஆள் உண்டு. அதெல்லாம் அவருக்குப் பழக்கம்தான். இது அந்தத் தலையாட்டல் இல்லை. யாரும் அவருக்காக ஆமாம் போடவில்லை. அவர்கள் உண்மையிலேயே பார்த்திருந்தார்கள்.

"வாத்தியாரே, நீங்க சரியாத்தான் பாத்தியளா? ஏதாவது மூலையில ஒளிச்சு வச்சிருப்பான். இத்தன பேரு சொல்லுதாங்களே."

ஜெனோவா நோயாளிகளுக்குப் பல் படம் காட்டும் திரையை அவர் பக்கம் திருப்பினாள். 'எல்லைக்கல்' இரண்டாம் பாகம், மூன்றாம் அத்தியாயம். ஒரு வீட்டின் பின்கட்டு. வேப்பமரம், துணி துவைக்கும் கல், கொடியில் ஒரு வெள்ளை வேட்டி. வேறு எதுவும் இல்லை.

கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தாள்.

சுயம்புலிங்கம் நடந்தார். வேப்பமரத்தைச் சுற்றினார். கல்லுக்குப் பின்னால் பார்த்தார். வீட்டுக் கதவு தானாகத் திறந்து ஒருவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "வாங்க காவக்காரரே, நீங்க சொன்னா சரிதான்" என்றான். அவர் இன்னும் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அவர் திரும்பி மறுபடி மரத்தடிக்கு வந்தார். அங்கேயே நின்றார். மரத்துக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த வெறுந்தரையையே வெறித்துக்கொண்டிருந்தார். ஏதோ உரசும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"என்ன பாக்கிய அண்ணாச்சி?"

"இந்த இடத்துலதான்" என்றார்.

"எது?"

"கிணறு."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரே சற்று முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய கிணறு. ஆனால் கண்ணை மூடினால் கைப்பிடிச் சுவர் தெரிந்தது. அதன்மேல் பாசி படிந்திருந்தது. பாசியைப் பற்றி இதுவரை யாருமே எழுதவில்லை.

"லைட்டைப் போடுங்க வாத்தியாரே" என்றார்.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்போது குழுவில் மன்சூரின் பெயர் வந்தது.

"அண்ணாச்சி, மூணாம் அத்தியாயத்தில் கிணறு எதுவும் கிடையாது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

சுயம்புலிங்கத்துக்கு மூச்சு வந்தது. கடலில் தத்தளித்தவருக்குக் காலடியில் தரை தட்டியது போல இருந்தது. இரண்டாவது வரியை மறுபடியும் வாசித்தார். கண் நிறைந்துவிட்டது. இத்தனை பேரில் அவன் ஒருவன்தான் அதைக் கேட்டிருந்தான்.

குழு மன்சூர் மேல் பாய்ந்தது. "கிணத்தையே பாக்காதவன் விமர்சனம் எழுதுதான்!" "முழுசா ஆடவே இல்ல, கையும் களவுமாப் பிடிபட்டுட்டான்!" "அண்ணாச்சி, இன்னும் என்ன யோசனை? தூக்குங்க!"

சுயம்புலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். டைப் செய்தார். "எல்லாரும் மன்னிச்சிடுங்க. கிணறுன்னு நான்தான் சும்மா எழுதுனேன். அப்படி ஒண்ணு இல்ல. மன்சூர் சொல்லுததுதான் உண்மை."

அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பிறகு ஒருவன் கும்பிடும் கைகளைப் போட்டான்.

"பாத்தியளா அண்ணாச்சி மனசை! மன்சூரைக் காப்பாத்தத் தன் மேலேயே பழி போட்டுக்கிடுதாரு."

"தங்கமான மனுசன்."

"நீங்க விட்டுக்கொடுக்கலாம் அண்ணாச்சி. ஆனா நாங்க கண்ணால பாத்தோம்."

"பாத்தோம்."

"பாத்தோம்."

சுயம்புலிங்கம் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அது மடியில் துடித்துக்கொண்டே இருந்தது. ஜெனோவா கழுவிய குறடுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள்.

"நான் சொன்னாலே நம்ப மாட்டேங்காங்க" என்றார். "நான் உண்டாக்குனதை நானே இல்லன்னு சொல்ல முடியல."

"ம்."

"மன்சூரை எடுக்கலைன்னா எல்லாரும் போயிருவாங்க. குரூப்பே கலைஞ்சிரும்."

"கலையும்."

"நான் ஆரம்பிச்ச குரூப்பு வாத்தியாரே. எனக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க. சாயங்காலமானா அவங்ககூடத்தான்."

"தெரியும் அண்ணாச்சி."

அவர் செல்போனைத் திருப்பி, மன்சூரின் பெயரைத் தொட்டார். 'நீக்கவா?' என்று அது கேட்டது. அவர் கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது.

"எடுத்துட்டா?" என்று கேட்டார்.

ஜெனோவா கடைசிக் குறடைத் தட்டில் வைத்தாள்.

"எடுத்துட்டா, கிணறு இருக்கும் அண்ணாச்சி."