பலாப்பழம் ஏறிய ஹெலிகாப்டர்

வெள்ளித்தீவு நாட்டு ஜனாதிபதி மார்த்தாண்டர் மீது கீழ்ச்சபை குற்றம் சாட்டியாகிவிட்டது. இனி மேல்சபை விசாரிக்கும். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு எதிராக விழுந்தால் பதவி காலி.

மகானுபாவர் அசரவில்லை. சபையில் குறிப்பெழுதும் அஞ்சுகத்தைக் கூப்பிட்டார். "என்னை விசாரிக்க எவனுக்கு யோக்கியதை இருக்கு? விசாரணைக்கு நானே தலைமை தாங்கணும். வழி பண்ணு, இல்லேன்னா உன் வேலை போச்சு!"

"பண்ணிடலாங்கய்யா. தலைமை தாங்குறவர் குற்றப்பத்திரிகையை வாய்விட்டுப் படிக்கணும், அவ்வளவுதான்."

"அதுக்கென்ன! என் குரலுக்கு நாடே மயங்கும்."

மறுநாள் சபையில் கம்பீரமாக வாசித்தார்: "மாமியார் வீட்டுப் பலாப்பழம் ஏற்றிவர ராணுவ ஹெலிகாப்டரை ஏழு தடவை அனுப்பினார்... சுத்தப் பொய்! ஆறு தடவைதான்!"

குனிந்த தலை நிமிராமல் அஞ்சுகம் எழுதினாள்: "தலைவரின் திருத்தம் ஏற்கப்பட்டது. சாட்சிகள் வீட்டுக்குப் போகலாம்."