விரால் குஞ்சு சிவந்த கதை

மீன் சொல்வதை மனிதன் காது கொடுத்துக் கேட்ட அந்தக் காலத்தில், ஓர் ஆறு இரண்டு நாடுகளில் ஓடியது. மேல்நாட்டுக் கரை நெடுக சாயப்பட்டறைகள். கழிவு நேரே ஆற்றில்தான் விழும். முதலில் கெண்டை செத்தது. பிறகு அயிரை. மிஞ்சியது விரால்.

அப்போது விரால் குஞ்சும் தாயைப் போலக் கறுப்புதான்.

வயிற்றில் முட்டையோடு ஒரு விரால், மேல்நாட்டு அரசன் கொற்றனின் படகருகே தலையை நீட்டியது.

"ராசா, சாயத்தண்ணிக்குத் தனியாகக் கால்வாய் வெட்டு. கீழ்நாட்டுப் பொட்டலில் கொண்டுபோய் விட்டால் வெயிலில் காய்ந்துவிடும்."

"வெட்டலாம். நல்ல தண்ணி குடிக்கப்போவது கீழ்நாட்டுக்காரி. செலவை அவளிடம் கேள்."

கீழ்நாட்டு ராணி நல்லமங்கை சிரித்தாள். "அசிங்கம் பண்ணுவது அவன். விளக்குமாறு மட்டும் நான் வாங்கணுமா?"

விரால் மேலேயும் கீழேயும் நீந்தியே ஓய்ந்தது. அந்தத் தடவை போட்ட முட்டை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

ஒருவழியாக அரசனும் ராணியும் ஒப்புக்கொண்டார்கள். அவரவர் மண்ணில் வெட்ட அவரவர் செலவு.

வெட்டினார்கள். நன்றாகவே வெட்டினார்கள், பொய் சொல்லக் கூடாது. இரண்டு கால்வாயும் சேர வேண்டிய இடத்தில் எல்லைக்கல் நின்றது. அதன் அடியில் இருந்த மண்ணை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"கல்லுக்கு அடியில இருக்கிறது உங்க மண்ணுதான், வெட்டுங்க" என்றான் மேல்நாட்டு ஆள்.

"போன வருசம் இதே கல்லுக்காக எங்க மச்சான் மண்டையை உடைச்சீங்க. இப்ப சும்மாவே தர்றீங்களோ?" என்றான் கீழ்நாட்டான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மேல்நாட்டில் முரசு அறைந்தார்கள்: எங்கள் வேலை முடிந்தது. கீழ்நாட்டிலும் அறைந்தார்கள். இரண்டும் உண்மை.

கழிவு கால்வாயில் தேங்கி நின்றதால் ஆறு கொஞ்ச நாள் தெளிந்தது. விரால் நம்பியது. எல்லைக்கல்லுக்கு நேரே, கோரைக்குள் முட்டை போட்டது. இந்தத் தடவை பொரித்தது.

குஞ்சுகள் நீந்தப் பழகிய வேளையில் கால்வாய் நிரம்பியது. போக வழியில்லை. கல்லருகே கரை உடைந்து, செஞ்சாயம் மொத்தமும் குஞ்சுகள் மேல் கொட்டியது.

தாய் அடியில் புகுந்தது. தலையால் முட்டி முட்டி மேலே தள்ளியது. "வாயை வெளியே நீட்டுங்கள். தண்ணியை நம்பாதீர்கள். காற்றைக் குடியுங்கள்."

பாதிதான் பிழைத்தது. பிழைத்ததெல்லாம் சிவப்பு.

செய்தி கேட்டு அரசனும் ராணியும் வந்தார்கள். செத்துக் கிடந்த குஞ்சுகளைத் தாண்டி, கல்லருகே போய்க் குனிந்து பார்த்தார்கள்.

"உடைந்தது உன் பக்கம்" என்றான் கொற்றன்.

"கயிறு கொண்டுவாருங்கள், அளப்போம்" என்றாள் நல்லமங்கை.

தாய் விரால் இருவரையும் பார்த்தது. திரும்பிப் போய்க் குஞ்சுகளுக்கு அடியில் அமிழ்ந்தது.

அன்று முதல்தான் விரால் குஞ்சு சிவப்பாய்த் திரிகிறது. எவ்வளவு தெளிந்த குளத்தில் விட்டாலும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுத்தான் போகும். தாய் அடியிலேயே காவல் நிற்கும். கிட்டே போனால் கடிக்கும். மனிதனோடு பேச்சை விட்டதும் அன்றுதான்.