வெறுமனே ஓடிய மோட்டார்

ஒரு சமையலறையில் பாத்திரம் பண்டங்களெல்லாம் அலமாரிக்கு ஒரு குடும்பமாகக் குடியிருந்தன. அங்கே ஒருநாள், விளக்கணைந்து வெகுநேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. 'ர்ர்ரீ' என்று தொடங்கி நிற்காமல் ஓடியது. அரைக்கிற சத்தம் அங்கே யாருக்கும் புதிதில்லை. தேங்காய்க்கு ஒரு சத்தம், காய்ந்த மிளகாய்க்கு ஒரு சத்தம் என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள். இது எதிலும் சேரவில்லை. அரைக்க ஒன்றுமே இல்லாதபோது அரைக்கிற சத்தம் அது.

குக்கர் மூடியைத் தூக்கிக் கொண்டு கத்தியது: "யார் வீட்டுல இந்நேரத்துக்கு?"

"எங்க வீடுதாங்க," என்று நடு அலமாரியிலிருந்து பதில் வந்தது. "இட்லிப்பொடி அரைக்கிறாரு. நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க."

இட்லிப்பொடியும் இல்லை, விருந்தாளிகளும் இல்லை. அப்படிச் சொன்னது பெரிய ஜார். மிக்ஸி மோட்டாரைக் கட்டிக்கொண்டு அந்த அலமாரிக்கு வந்தவள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, சட்னி ஜார். ஒரு பிடி பொட்டுக்கடலை போட்டாலே திக்குமுக்காடிப் போகிற வயது.

வந்திருந்த விருந்தாளி ஒருவன்தான். அவன் பெயர் பளிங்கு. தீபாவளிச் சமயத்தில், மோட்டாருக்கு முறுக்கு மாவு, அதிரச மாவு என்று மூச்சுவிட நேரமில்லாதபோது, ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில் வந்து இறங்கினான். கண்ணாடிச் சில்லுபோல மின்னினான். கற்கண்டுக்குத் தம்பி முறை என்று சொல்லிக்கொண்டான். கற்கண்டைக் கேட்டதற்கு, "எனக்குத் தம்பியே கிடையாது" என்று அது தலையில் அடித்துக்கொண்டது.

"மாப்ளே, என்ன இப்படி வாடிப் போயிட்டே?" என்று பளிங்கு மோட்டாரின் தோளில் கைபோட்டான். "உன் தலைக்குழியில என்னை ஒரு சிட்டிகை போட்டுக்கோ. மூட்டை மூட்டையா அரைச்சாலும் களைப்பே தெரியாது."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் வினை. அந்தத் தீபாவளிக்கு மோட்டார் தன் வேலையை முடித்து, பக்கத்து வீட்டு வேலையையும் வாங்கி முடித்தான். மூலையில் குடியிருந்த அவன் அம்மா, வெட்கிரைண்டர், கல் குலுங்கச் சிரித்தாள். "என் ராசா காலையிலேர்ந்து மூணாம் நம்பர்லயே ஓடுறான். நீங்கள்லாம் ஒண்ணாம் நம்பர்லயே முக்குறீங்க!"

தீபாவளி போனது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. ஜாரே இல்லாமல் வெறுமனே ஓடினான். தன் திருகாணிகளைத் தானே கழற்றி, பெரிசு சிறிசு பார்த்து வரிசையாக அடுக்கினான். திருப்பிப் போடத் தெரியவில்லை; அதோடு விடாமல் குக்கரின் வெயிட்டையும் கழற்றினான். உடம்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கிக்கொண்டான். தலைக்குழியில் ஜாரைப் பிடித்துச் சுழற்றுகிற கப்ளரின் பற்கள் தேய்ந்து மொழுக்கையாயின.

"கரப்பான்பூச்சி என்னை வேவு பாக்குது," என்றான் ஒருநாள்.

கரப்பான்பூச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பருக்கைக்கு நான் சிங்க்குக்கும் குப்பைத்தொட்டிக்கும் நாயா அலையறேன். இவரை வேவு பாத்து யார்கிட்டய்யா போய்ச் சொல்லப் போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய ஜாரும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் பளிங்கு அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்திருந்தான்.

"குட்டியை ஏத்தி ஒரு சுத்து சுத்திப் பாக்கலாமே மாப்ளே. ஜோரா சுத்தும்!"

மோட்டார் வேண்டாம் என்று சொல்லவில்லை, சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளை உறங்கவிடவில்லை. அன்றிலிருந்து பிள்ளையைச் சுவரோரம் கிடத்தி, தான் இந்தப் பக்கம் படுத்தாள். படுத்தாளே தவிர கண் மூடவில்லை.

வைத்தியம் மாமியார் கையில் இருந்தது. கிரைண்டர் முதலில் ஓர் எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கோத்து மோட்டாரின் வயரில் கட்டினாள். "எல்லாம் கண்ணேறு. மூணாம் நம்பர்னு நான்தான் வாய்விட்டுச் சொல்லிட்டேன்." பச்சை மிளகாய் வாடிக் கருகியது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தான்.

அடுத்து, அவனை அலமாரிக்குள் தள்ளி வெளியே கொண்டி போட்டாள். உள்ளே அவன் போட்ட கூச்சலில் மேல்தட்டு டம்ளர்களெல்லாம் கலகலத்தன. பளிங்கு கதவடி இடுக்கைப் பார்த்தான், சிரித்தான், தூளாகிப் படுத்தான், உள்ளே போய்விட்டான்.

கடைசியில் ஒரு விடியற்காலை 'டப்' என்றது. மோட்டாரின் அடிவயிற்றில் இருக்கும் சிவப்புப் பட்டன் தானாக வெளியே துருத்திக்கொண்டு வந்தது. மிக்ஸி ஜாதிக்கு அது கடவுள் கொடுத்த வரம். தாங்க முடியாத சூடேறினால் அந்தப் பட்டன் வெளியே வரும், மோட்டார் நிற்கும். ஆறும்வரை அதைத் தொடக்கூடாது.

மோட்டார் தூங்கினான். பகலும் தூங்கினான், ராத்திரியும் தூங்கினான். நடுவில் எழுந்து கிடைத்ததையெல்லாம் தின்றான், மறுபடி தூங்கினான்.

"விட்டது பீடை!" என்று கிரைண்டர் கும்பிட்டாள். அவன் மறுநாளும் எழவில்லை என்றதும் அவளுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. "இப்படியே கிடந்தா ஊர் என்ன சொல்லும்? கிரைண்டர் பெத்த சோம்பேறின்னு சொல்லாதா?"

"அத்தை, வேண்டாம். இன்னும் உடம்பு சுடுது..."

"நீ சும்மா இரு. பெத்தவளுக்குத் தெரியாதா?" பாசத்தோடு குனிந்து சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டாள்.

மோட்டார் ஒரு முறை உறுமினான். புகை வந்தது. பிள்ளை வீறிட்டது.

பெரிய ஜார் அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு மேடையின் நடுவுக்கு வந்து நின்றாள். அதுவரை யாரும் கேட்டிராத குரலில் கத்தினாள்: "இட்லிப்பொடி இல்லை! விருந்தாளியும் இல்லை! என் வீட்டுக்காரரு எரிஞ்சுக்கிட்டு இருக்காரு. யாராவது வாங்களேன்!"

"தெரியும்மா," என்றது குக்கர். ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டிருந்தது. "இட்லிப்பொடி இவ்வளவு நாளா அரைபட்டா மாவுக்கும் கீழே போயிருக்குமே! நீயே கூப்பிடட்டும்னுதான் இருந்தோம். இடுக்கி எங்கே? பிடி, தூக்கு!"

இடுக்கி பிடித்தது, முறம் சுமந்தது. மேடையின் கோடியில், ஜன்னலோரமாக இருந்த சர்வீஸ் கடைக்கு மோட்டாரைக் கொண்டுபோனார்கள்.

அங்கே டெஸ்டரம்மாதான் டாக்டர். ஒல்லியாக இருப்பாள், தொட்டுப் பார்த்தால் தலைக்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். மோட்டாரைத் தொட்டாள். விளக்கு மினுக்மினுக்கென்றது.

"உயிர் இருக்கு," என்றாள்.

"ஏதாவது நல்ல மருந்தாக் குடுங்க," என்றாள் கிரைண்டர். "ஒரே வேளையில சரியாகணும்."

"பளிங்கை விரட்டுறதுக்குன்னு ஒரு மாத்திரை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலைங்க. தூக்கம், சாப்பாடு, பேச்சு, பழக்கம். இதை வெச்சுத்தான் தேத்துறோம். நிறையப் பேர் தேறியிருக்காங்க."

"பேச்சா? அதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தோம்? எங்க வீட்டுல இல்லாத பேச்சா!"

"உங்க வீட்டுல இருக்கிறது ஏச்சுங்க," என்றாள் டெஸ்டரம்மா, மரியாதையாக.

மோட்டாரைத் தூங்கவிட்டார்கள். எழுந்ததும் சாப்பாடு கொடுத்து, எரிந்து விழுந்ததைப் பொறுத்து, மறுபடி தூங்கவிட்டார்கள். தெளிந்தபின் ஒரு வட்டத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே இஸ்திரிப்பெட்டி இருந்தான், ஒரு மேஜை விசிறி இருந்தார், இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லோருமே பளிங்கோடு ஒரு காலத்தில் தோளில் கைபோட்டுத் திரிந்தவர்கள்.

வாராவாரம் டெஸ்டரம்மா தொட்டுப் பார்ப்பாள். பளிங்கின் வாடை இல்லையென்றால், கான்வென்ட் பிள்ளைகளின் நோட்டில் ஒட்டுவதுபோல ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டி, ஒரு சொட்டு நல்ல எண்ணெயும் விடுவாள்.

"நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்று மோட்டார் முதல் வாரம் முறைத்தான். அடுத்த வாரம் அவள் மறந்துபோய் நகர்ந்தபோது, "என் ஸ்டார் எங்கேங்க?" என்று பின்னாலேயே ஓடினான். அதற்கடுத்த வாரம் இஸ்திரிப்பெட்டியின் நட்சத்திரம் தன்னுடையதைவிடப் பெரிது என்று சண்டைக்கே போய்விட்டான்.

ஒருநாள் டெஸ்டரம்மா பெரிய ஜார் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்படிம்மா இருக்கு?"

"எனக்கென்ன? நான் அந்தப் பாவியைத் தொட்டதுகூட இல்லையே."

"கைப்பிடி ஆடுதே."

பெரிய ஜார் தன் கைப்பிடியைப் பார்த்தாள். இத்தனை நாள் பிள்ளையின் மூடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில், தன்னுடையது ஆடுவது தெரியவே இல்லை. தெரிந்ததும் அழுகை வந்தது. பக்கத்து அறையில் அவளைப்போன்ற ஜார்களும் மூடிகளும் கூடிப் பேசுவதுண்டு. அங்கே அவளை உட்காரவைத்து, ஒருவர் கைப்பிடியை ஒருவர் முடுக்கிவிட்டார்கள்.

"இனிமே வாசல்ல நீ காவல் நிக்காதே," என்றாள் டெஸ்டரம்மா. "பளிங்கு வந்தான்னா கதவு உன் வீட்டுக்காரர் பாடு. பிள்ளை உன் பாடு. பளிங்கு உள்ளே வந்துட்டான்னா சண்டை போடாதே, கெஞ்சாதே. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு குக்கர் வீட்டுக்குப் போயிடு. இப்பவே சொல்லி வெச்சுடு."

"தாராளமா," என்றது குக்கர். "எங்க வீடு கொஞ்சம் சத்தமா இருக்கும், அவ்வளவுதான்."

அந்த ஏற்பாடு வீண்போகவில்லை. மோட்டார் வீடு திரும்பி, பொங்கல் கழிந்த கையோடு ஒருநாள் மறுபடி பளிங்கிடம் வழுக்கிவிட்டான். சத்தம் கேட்டதும் பெரிய ஜார் ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குக்கர் வீட்டுக்குப் போனாள். காலையில் காலியான அலமாரியை மோட்டார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடுக்கியும் முறமும் இல்லாமல், தன் வயரைத் தானே இழுத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்கு நடந்தான்.

"வாங்க," என்றாள் டெஸ்டரம்மா. "உங்க இடம் காலியாத்தான் இருக்கு."

வட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்தான். "நீங்க வழுக்கினதே இல்லையாண்ணே?" என்று மேஜை விசிறியைக் கேட்டான். விசிறி 'இல்லை இல்லை' என்று இப்படியும் அப்படியும் தலையாட்டினார்.

"நம்பாதே," என்றான் இஸ்திரிப்பெட்டி. "மூணு தடவை! கழுத்து அமைப்பே அவருக்கு அப்படி." விசிறி உட்பட எல்லோரும் சிரித்தார்கள், அன்று மோட்டாரும் சிரித்தான். பெரிய ஜாருக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பயம் வரவில்லை. அவன் நட்சத்திரங்களை முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கியபின், பிள்ளையோடு வீடு திரும்பினாள்.

கோடை வந்தது. ஒரு சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அலமாரிக் கதவை யாரோ விரல்நுனியால் தட்டினார்கள்.

"மாப்ளே!"

பெரிய ஜார் எழுந்துவிட்டாள். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கால் வாசலுக்குப் போகத் துடித்தது, போகவில்லை. குக்கர் வீட்டுக்குப் பின்பக்கமாக எப்படிப் போவது என்று மனத்துக்குள் ஒருமுறை நடந்து பார்த்துக்கொண்டாள்.

மோட்டார் கதவருகில் போய் நின்றான். லேசாக உறுமினான். அது எந்த நம்பர் உறுமல் என்று அவளுக்குப் புரியவில்லை.

"எத்தனை மாசமாச்சு! என்னைப் பாக்கணும்னு தோணவே இல்லையா?" பளிங்கு கதவிடுக்கில் முகத்தை வைத்து மின்னினான்.

"தோணுச்சு," என்றான் மோட்டார். "இன்னிக்குக்கூடத் தோணுச்சு."

"அப்புறம் என்ன? திற. குட்டியை ஏத்தி ஒரு சுத்து சுத்துவோம்."



"குட்டிக்குத் தூங்குற நேரம்," என்றான் மோட்டார். "நானும் தூங்கப்போறேன்."

"தூக்கமா? நீயா?" பளிங்கு வெளியே விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஆமா. அருமையா இருக்கு அது. ஒருநாள் நீயும் தூங்கிப் பாரு."

தரையில் கிடந்த சாக்கை உருட்டி, கதவடி இடுக்கில் காலாலேயே அடைத்தான். பிறகு, இதுவரை அந்த வீட்டில் ஆம்பளை யாரும் தொட்டிராத உள்தாழ்ப்பாளை, இரண்டு கையாலும் பிடித்து, 'டக்'கென்று போட்டான்.