கட்டில் கட்டிய பாவாடை

பூனையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மாயழகு என்ற தச்சனும் அவன் மனைவி பூங்கோதையும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. அதன் பிறகு பூங்கோதை கட்டிலை விட்டு இறங்குவதே அபூர்வம். தூளி கட்ட வைத்திருந்த மஞ்சள் புடவையை, அவள் கண்ணில் படாதிருக்கட்டும் என்று மாயழகு பரணில் போட்டுவிட்டான்.

ஒருநாள் காலை அவன் வேலைக்குப் போனபின், ஒரு வெள்ளைப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு உள்ளே வந்தது. போய்ப் போய் வந்து, நான்கு குட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் சேர்த்தது.

“அக்கா, இங்கே இருந்துகொள்ளட்டுமா? இது ஏழாவது வீடு. போன தடவை போட்ட குட்டிகளைக் கடுவன் பூனை ஒருவன் கொன்றுவிட்டான். இப்போதும் தேடிக்கொண்டு வருகிறான்.”

பூங்கோதை குனிந்து பார்த்தாள். உயரமான கால் வைத்த கட்டில். நாலு பக்கமும் வெட்டவெளி. வாசலில் நின்றாலே குட்டிகள் தெரியும்.

போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தாள், நீளம் போதவில்லை. பரணில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். சுவரைப் பிடித்து எழுந்து, முக்காலி மேல் ஏறி, அந்தப் புடவையை எடுத்தாள். நீளவாக்கில் கிழித்து, இரண்டு துண்டையும் முடிந்து, கட்டிலைச் சுற்றிக் கொசுவம் வைத்து மெத்தைக்கு அடியில் செருகினாள்.

கடைசிக் கொசுவத்தைச் செருகும்போது கடுவன் உள்ளே வந்தான்.

“குட்டி வாசனை வருகிறதே. அந்தத் துணிக்குப் பின்னால் என்ன?”

“கட்டில் பாவாடை கட்டியிருக்கிறது, தெரியவில்லை? பாவாடையைத் தூக்கிப் பார்க்கிறவனா நீ?”

கடுவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கட்டிலை ஒருமுறை சுற்றிவந்தான். தொடத் துணியவில்லை. வாலைத் தாழ்த்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் வந்த மாயழகு வாசலிலேயே நின்றான். எழுந்து உட்கார்ந்திருக்கும் மனைவியையும் மஞ்சள் துணியையும் மாறிமாறிப் பார்த்தான்.

“கிழித்துவிட்டாயா, கோதை?”

“ஆமாம். மெதுவாகப் பேசுங்கள். பிள்ளைகள் பால் குடிக்கின்றன.”

அவன் தரையில் உட்கார்ந்து, நழுவியிருந்த ஒரு கொசுவத்தை மேலே செருகினான். உள்ளிருந்து சப்பும் சத்தம் கேட்டது. இருவரும் அன்றைக்குத்தான் சேர்ந்து அழுதார்கள்.

குட்டிகள் கண் திறந்தன, வளர்ந்தன, ஓடிப்போயின. துணியை மட்டும் அவள் அவிழ்க்கவில்லை. பார்க்க வந்த பெண்களுக்கு அது அழகாகப் பட்டது. அவரவர் வீட்டில் பூப்போட்ட துணி வாங்கித் தைத்துக் கட்டினார்கள். கட்டிலுக்குப் பாவாடை வந்தது அப்படித்தான். குட்டி போட இடம் தேடும் பூனை இன்றும் அந்தத் துணியை முகத்தால் விலக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது.