காலி இடத்தோடு கத்திச்சண்டை

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் மினாசே என்றொரு கோட்டை நகரம் இருந்தது. அந்த ஊர் ஜனங்களுக்குக் கபுகி என்றால் உயிர். பாட்டு, ஆட்டம், வசனம், கத்திச்சண்டை எல்லாம் கலந்த கூத்து அது. காலையில் சோற்று உருண்டையைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்கள்.

அந்தக் கொட்டகையின் ராஜா உமேனோஜோ என்ற நடிகன். குடை செய்கிறவர் மகன். ஈட்டி பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் சிப்பாயாகத்தான் முதலில் மேடை ஏறினான். ஒரு நாள் கதாநாயகன் வசனத்தை மறந்து திருதிருவென்று விழிக்க, இவன் ஈட்டியை நீட்டி, "வாயைத் திறக்கிறாயா, குத்தட்டுமா?" என்று ஒரு போடு போட்டான். கொட்டகை அதிர்ந்தது. அன்றிலிருந்து ஏறுமுகம்தான். சில வருஷத்தில் அவனே கதாநாயகன். அவன் மேடையில் லேசாகத் திரும்பினாலே போதும், ஜனங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுவார்கள்.

இதைப் பார்த்து வயிறெரிந்தவன் தன்சோ. நல்ல வில்லன் நடிகன்தான். ஆனால் தினமும் கடைசிக் காட்சியில் உமேனோஜோ கையால் வெட்டுப்பட்டுச் சாகவேண்டும். எத்தனை நாள்தான் பொறுப்பான்?

ஒரு நாடகத்தில் உமேனோஜோ தொப்பை அதிகாரியாக வேஷம் கட்டினான். முதலில் வயிறு வரும், கொஞ்சம் பொறுத்து ஆள் வருவான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன்சோ நேரே கோட்டைக்கு ஓடினான். ஊரை ஆளும் குனிஹரு பிரபுவின் காலில் விழுந்தான்.

"பிரபுவே, சொல்லவே நாக்கூசுகிறது. அந்தத் தொப்பை தங்களுடையதாம்!"

உடனே உமேனோஜோவை இழுத்துவந்தார்கள்.

"என் வயிற்றையா கேலி செய்தாய்?" என்று பிரபு உறுமினார்.

"ஐயோ, அது பஞ்சுத் தலையணை பிரபுவே."

"அதைப் பார்த்து ஊரே என்னை நினைத்துச் சிரித்ததாமே!"

"தலையணையைப் பார்த்தால் ஊருக்குத் தங்கள் ஞாபகம் ஏன் வருகிறது? எனக்கு எப்படித் தெரியும்?"

பிரபுவின் முகம் சிவந்துவிட்டது. "இனி இந்த ஊர் மேடையில் உன் முகத்தைக் காட்டினால், உடம்பில் தலை இருக்காது!"

கொட்டகையில் ஒரே அழுகை. அவனை நம்பி எத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன! உமேனோஜோ கேட்டான்: "நாளை நாடகத்தில் குதிரை உண்டா?"

"உண்டு. துணிக்குதிரைக்குள்ளே முன்னங்காலுக்கு ஒருவன், பின்னங்காலுக்கு ஒருவன்."

"பின்னங்காலுக்கு நான் போகிறேன்."

மறுநாள் மேடைக்கு வந்த குதிரையைப் போல ஒரு குதிரையை மினாசே பார்த்ததில்லை. எஜமானன் இறந்ததும் அதன் பின்னங்கால்கள் விம்மின. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன்சோ கம்பீரமாக ஏறி உட்கார்ந்தான். குதிரையின் பின்பாதி மட்டும் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டது. தன்சோ வாலைப் பிடித்தபடி உருண்டான். "உமேனோஜோ!" என்று கொட்டகை கத்தியது.

பிரபுவுக்கு விஷயம் போனது. "இனி அவன் கால் மேடையில் படக்கூடாது!"

படவில்லை. உமேனோஜோ திரைக்குப் பின்னால், கீழே உட்கார்ந்து தவளையாகக் கத்தினான். தன்சோ வீரவசனம் பேசி நிறுத்தும் இடத்திலெல்லாம் தவளை பதில் சொன்னது. ஜனங்கள் தவளைக்குக் கைதட்டினார்கள்.

"குரலும் கேட்கக்கூடாது!" என்று பிரபு கர்ஜித்தார்.

இந்தத் தடவை உமேனோஜோவே ஆடிப்போய்விட்டான். முகம் போச்சு, கால் போச்சு, குரல் போச்சு. நடிகனிடம் இனி என்ன மிச்சம்? தலையைப் பிடித்துக்கொண்டு காலி மேடையையே வெறித்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று துள்ளி எழுந்தான். "அட, என் இடம் இருக்கிறதே!"

மறுநாள் திரை விலகியது. மேடை நடுவில் உமேனோஜோ வழக்கமாக நிற்கும் இடம் காலி. நாயகி ஓடிவந்து அந்த இடத்தின் தோளில் சாய்ந்து அழுதாள். வேலைக்காரன் அந்த இடத்துக்குத் தேநீர் கொடுத்தான். கடைசியில் தன்சோ கத்தியை உருவிக்கொண்டு வந்தான். நாடகம் நாடகம்தானே! காலி இடத்தோடு சண்டை போட்டு, காலி இடத்திடம் வெட்டுப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு செத்தான். கொட்டகைக் கூரை பறக்காதது ஆச்சரியம்.

செய்தி பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம். கடைசியில் பிரபுவே பார்க்க வந்துவிட்டார். உமேனோஜோ எங்கே என்று தேடினார். அவன் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, வாய் நிறைய சோற்று உருண்டையோடு இருந்தான்.

தன்சோ அன்றும் செத்தான். ஆனால் இந்தத் தடவை எழுந்து நேரே பிரபுவிடம் ஓடிவந்து காலில் விழுந்தான்.

"பிரபுவே, அவனை மேடைக்கு விட்டுவிடுங்கள்! மனுஷனிடம் தோற்பதைத் தாங்கிக்கொள்வேன். காற்றிடம் தோற்றுவிட்டுத் தெருவில் எப்படி நடப்பேன்? சின்னப் பிள்ளைகள்கூட எனக்கு முன்னால் வெறும் கையை வீசுகிறார்கள்!"

பிரபு உமேனோஜோவை அழைத்தார். "அங்கேதான் யாருமே இல்லையே! இத்தனை ஜனம் யாரைப் பார்க்க வருகிறது?"

"தங்கள் உத்தரவைத்தான் பிரபுவே," என்றான் உமேனோஜோ பணிவாக. "முகம் கிடையாது, கால் கிடையாது, குரல் கிடையாது. தாங்கள் சொன்னபடியே மேடையில் நிற்கிறது. என்னைவிட நன்றாகவே நடிக்கிறது."

பிரபுவின் உதடு துடித்தது. பிறகு தொப்பை குலுங்கியது. பிறகு மனுஷர் சிரித்த சிரிப்பில் கூட்டமே சேர்ந்துகொண்டது. தான் போர்த்தியிருந்த பட்டு அங்கியைக் கழற்றி உமேனோஜோவின் தோளில் போட்டார்.

"உத்தரவை வாபஸ் வாங்கிவிட்டேன். நாளைக்கே நீ மேடை ஏறு!"

உமேனோஜோ தரையில் நெற்றி பட வணங்கினான்.

"மன்னிக்கவேண்டும் பிரபுவே, நாளைக்கு முடியாது. இந்த வாரம் முழுக்கத் தங்கள் உத்தரவுக்குத்தான் சீட்டு விற்றுவிட்டோம்!"