எள் கொடுத்த பெயர்

மரஞ்செடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், நெய் என்றால் மாட்டு நெய் ஒன்றுதான். சமையலுக்கும் அதுதான், விளக்குக்கும் அதுதான்.

கடலோரக் குப்பம் ஒன்றில் பவளாயி என்பவள் இருந்தாள். மாலையானால் மேட்டில் பெரிய விளக்கை ஏற்றுவது அவள் வேலை. கடலுக்குப் போன கட்டுமரங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பாறையில் மோதாமல் கரைசேரும்.

ஓர் ஆண்டு கோமாரி நோய் வந்து மாடுகளின் மடி வற்றிவிட்டது. நெய்ப்பானை காலி. அந்த நேரம் பார்த்துப் புயல் எழுந்தது; பொழுது சாயுமுன்பே வானம் கறுத்தது. பவளாயியின் கணவன் கடம்பனும் குப்பத்து ஆண்களும் கடலில் இருந்தார்கள்.

அவள் தென்னையிடம் ஓடினாள். "உன் காய்க்குள் நெய்ப்பசை இருக்கிறதே, விளக்குக்குக் கொஞ்சம் கொடேன்."

"என்னை உடைத்துப் பிழிய வேண்டுமே! ஐயோ, தாங்கமாட்டேன்" என்றது தென்னை.

"வேறு யாரையாவது கேள்" என்று ஆமணக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்போது காலடியில் ஒரு குரல். "அக்கா, என்னை எடுத்துக்கொள்." காய் முற்றி நின்ற எள்ளுச்செடி.

"இடித்தால் உனக்கு வலிக்குமே, தங்கச்சி!"

"வலிக்கத்தான் செய்யும். அதற்காக அத்தனை பேரைக் கடலில் விடுவதா? சீக்கிரம் இடி!"

பவளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டே இடித்தாள். பிழியப் பிழியப் பொன்னிறத்தில் ஒழுகியது. விளக்கு நின்று எரிந்தது. கட்டுமரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

நனைந்த உடம்போடு மேடேறி வந்த கடம்பன், "இது எந்த மாட்டு நெய், பவளா?" என்றான்.

"மாடில்லை. எள் தந்த நெய்."

அவன் குனிந்து அந்தச் செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எள்நெய் என்று ஊரே கொண்டாடியது. சொல்லிச் சொல்லி அது எண்ணெய் ஆயிற்று.

மறுநாள் காலை, தென்னை தானாகவே காய்களை உதிர்த்தது. "எங்களையும் பிழிந்துகொள், பவளாயி" என்றது ஆமணக்கு.

"சரி, உங்கள் நெய்யை என்ன பெயர் சொல்லி அழைக்கட்டும்?"

தென்னை எள்ளுச்செடியின் பக்கம் ஓலையைத் தாழ்த்தியது. பிறகு, "நாங்கள் பயந்தபோது அவள் பயப்படவில்லை. அவள் பெயரே எங்களுக்கும் இருக்கட்டும்" என்றது.

தேங்காயில் எடுத்தாலும், கடலையில் ஆட்டினாலும், மண்ணுக்கு அடியிலிருந்தே வந்தாலும், எல்லாவற்றையும் நாம் எள்ளின் பெயர் சேர்த்து எண்ணெய் என்பது அன்றிலிருந்துதான்.